லிஃப்ட்டுக்காரன் பிசைந்த மாவு

மாமனாரை அறையை விட்டு வெளியே வரவழைக்க மாப்பிள்ளைகள் என்னென்னவோ செய்து பார்ப்பார்கள். நம்முடைய லிஃப்ட்டுக்காரன் மாவு பிசைந்தான். சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

பழுதான லிஃப்ட்டைச் சரிசெய்வது அவன் வேலை. எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே அந்தரத்தில் நின்றாலும் போன் அவனுக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், கதவைக் குத்துவார்கள், அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். அவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்க, இதோ ஆச்சு, காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவான். இப்படி எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்தவனுக்குச் சொந்த வீட்டில் ஒரே ஒரு ஆளைக் கொண்டுவர முடியவில்லை. இத்தனைக்கும் அந்த அறைக் கதவில் பூட்டுகூடக் கிடையாது.

உள்ளே இருந்தவர் அவனுடைய மாமனார். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் வயிறு நிறைந்தவனுக்கும் மறுபடி பசியெடுக்கும். அப்படி ரசித்துச் சாப்பிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு இதயம் மக்கர் செய்தது, கால் வீங்கியது, டாக்டர் உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றுவிட்டார். "சரி, வண்டி பழசாயிடுச்சு, சொன்னபடி கேக்க வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார்.

காரியம் கெட்டுப்போனது அவருடைய தம்பி வீட்டு விருந்தில். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ நீட்டிய தட்டிலிருந்து மாமனார் பேச்சுவாக்கில் கொஞ்சம் சிப்ஸை எடுத்தார். அது வாய்க்குப் போவதற்குள் மகள் பாய்ந்து வந்து கையிலிருந்ததைப் பிடுங்கி, "சாகணுமாப்பா உங்களுக்கு?" என்று கத்திவிட்டாள். பயத்தில் கத்தியதுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இதய மாத்திரை வாங்க வருகிறவர்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவள். ஆனால் கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. எத்தனையோ ஆயிரம் ஜனங்களைப் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், எண்ணெய்க் கையோடு நடுக்கூடத்தில் நின்றார். 

வீட்டுக்கு வந்ததும், "இனிமே என் சாப்பாடு என் ரூம்ல" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மகளிடம் பேசுவதைக்கூட நிறுத்தவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அவள் சும்மா இருந்தாளா? தனக்கும் உப்பில்லாமல் ஆக்கி, தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போய் எதிரில் உட்கார்ந்தாள். அவர் தன் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, வெளக்கெண்ண குடிக்கிறவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ எனக்குத் துணைக்கு உக்கார வேணாம்" என்றார். "எனக்காக யாரும் தண்டனை அனுபவிக்க வேணாம். என் தட்டுல இருக்கறதே உங்க தட்டுலயும் இருக்கணும். அதையும் எம்மேல பரிதாபப்பட்டுச் சாப்பிடக் கூடாது, நல்லா இருக்குன்னு சாப்பிடணும். அப்படி ஒரு நாள் வந்தா கூப்பிடு, வரேன்."

அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். பிடிவாதம் என்றால் பிடிவாதம், அப்படியொரு பிடிவாதம். தட்டு பாதி தீர்ந்தும் தீராமலும் திரும்பி வர ஆரம்பித்தது. அவர் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கியது. "மருந்து வேலை செய்யணும்னா உள்ள சாப்பாடு போகணும்மா. இப்படியே மெலிஞ்சுக்கிட்டே போனா நான் எழுதிக் குடுக்கறது எதுவும் பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அதைப் புருஷனிடம் சொல்லும்போது அழவில்லை. அவள் அழாததுதான் அவனைப் பயமுறுத்தியது.

அவளுடைய பிறந்தநாள் காலையில், "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டான்.

"அப்பா வந்து நம்ம கூட உக்காந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் வேணாம்."

இவன் தலையைச் சொறிந்தான். புடவையோ செருப்போ கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பான். கடைசியில் அவளே ஒரு யோசனையும் சொன்னாள். பின்பக்க முற்றத்தில், மாமனாரின் ஜன்னலுக்கு நேர் கீழே, லிஃப்ட்டுக்காரனுக்கு ஆபீஸ் குலுக்கலில் பரிசாக விழுந்த ஒரு கரி கிரில் அடுப்பு கிடந்தது. விழுந்த நாள் முதல் அதன் தலையில் பூந்தொட்டிதான் உட்கார்ந்திருந்தது. அதைக் கழுவிப் பற்ற வைத்து அதிலேயே பீட்சா சுடலாம், வாசனை நேராக ஜன்னலுக்குப் போகும், எத்தனை நாள்தான் மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார் என்பது அவள் கணக்கு.

"அவருக்கு மட்டும் உப்பில்லாம ஒரு சின்ன உருண்டை நான் வந்து தனியா பிசைஞ்சுக்கறேன். நீங்க நமக்கு மட்டும் பிசைஞ்சு வைங்க. எப்படின்னு மத்தியானம் போன்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவன் அன்றைக்கு லீவு போட்டிருந்தான். உப்பில்லாததை மறுபடியும் தனியாகத்தானே வைக்கப் போகிறாள், மாமனார் வந்தாற்போலத்தான் என்று அவனுக்கு உள்ளுக்குள் தோன்றியது. பிறந்தநாளும் அதுவுமாக அதைப் போய்ச் சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானம் போன் வந்தது. கடையில் கூட்டம் போலிருக்கிறது. யாரோ இருமல் மருந்து கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவசர அவசரமாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கேளுங்க. மைதா, வெதுவெதுன்னு தண்ணி, ஈஸ்ட், துளி சக்கரை, கொஞ்சம் எண்ணெய். நல்லா அடிச்சுப் பிசையணும். பிசைஞ்சதும் உப்ப விட்டுடுங்க. கேக்குதா? உப்ப விட்டுடுங்க, மறந்துடாதீங்க, அதுதான் ரொம்ப முக்கியம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றான். உப்பை விட்டுவிடுவதா? தங்களுக்கான மாவிலுமா? அப்புறம் அவனுக்கு எல்லாம் விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்துக்கொண்டான். மனசு மாறிவிட்டாள். தனி உருண்டை, தனித் தட்டு எதுவும் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே மாவு என்று முடிவு பண்ணிவிட்டாள். வேலை நேரத்தில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு அப்பாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான். எடுத்து வைத்திருந்த உப்பு டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தான்.

ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிறவன் இல்லை நம் ஆள். மாவில் உப்பில்லை என்றால் வேறு எதிலும் இருக்கக் கூடாது அல்லவா? தக்காளியையும் பூண்டையும் வதக்கி மசித்தான், உப்பில்லாமல். சீஸ் வாங்கக் கடைக்குப் போகுமுன் மாவைப் பிசைந்தான். கையிலும் முழங்கையிலும் காதிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வழியாக உருட்டி, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடி, இடைஞ்சலாக இருக்கிறதே என்று முற்றத்துப் படியில் வெயிலில் வைத்துவிட்டுப் போனான். அதற்குமேல் அதை என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. கடையில் ஒவ்வொரு சீஸையும் எடுத்து எடுத்துப் பார்த்து, கடைக்காரர் பொறுமை இழக்கும் வரை கேள்வி கேட்டு, உப்பே போடாத, தண்ணீரில் மிதக்கிற வெள்ளை உருண்டைகளாக வாங்கிக்கொண்டு வந்தான்.

வந்தவன் படியைப் பார்த்தான். கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

மூடியிருந்த தட்டு மேலே எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பாத்திரத்தின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கிடந்த மாவு விளிம்பைத் தாண்டி, தட்டைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையாக, வழவழப்பாக, உருண்டு திரண்டு. ஒரு ஓரமாகக் கீழே வழியவும் ஆரம்பித்திருந்தது.

"அடேங்கப்பா!" என்றான் வாய்விட்டு.

நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அவன் பார்த்ததில்லை. அதுவும் அவன் தொழில் என்ன, ஒன்றை மேலே தூக்குவது. ஒரு ஆளை ஒரு மாடி உயரம் தூக்க எத்தனை மோட்டார், எத்தனை வடக்கம்பி, எவ்வளவு எதிர் எடை வேண்டும் என்று அவனுக்கு விரல் நுனியில் தெரியும். இங்கே ஒன்றும் இல்லை. மோட்டாரில்லை, கம்பியில்லை, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பார்க்க ஆளில்லாத நேரத்தில், தன்னந்தனியாக, அது தட்டைத் தூக்கிவிட்டது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலால் மெல்லத் தொட்டான். உள்ளே அமுங்கி, பெருமூச்சு விட்டு, மறுபடி மெதுவாக மேலே வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது அவனுக்கு.

இதை யாரிடமாவது காட்டியாக வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். மாடி ஜன்னலில் திரைச்சீலை லேசாக விலகியிருந்தது.

"மாமா! இதப் பாருங்களேன்!" என்று பாத்திரத்தை இரண்டு கையாலும் உயரத் தூக்கிக் காட்டினான்.

திரைச்சீலை மூடிக்கொண்டது.

சாயங்காலம் அவள் வருவதற்குள் கரியைப் பற்ற வைத்தான். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. கரி சாம்பல் பூத்ததும் ஒரு பக்கமாகக் குவித்தான். ஒரு பக்கம் கடும் சூடு, இன்னொரு பக்கம் இளஞ்சூடு. அது மட்டும் அவனாக யோசித்துச் செய்தது. பூந்தொட்டி இருந்த இடத்தில் படிந்த துருவைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பிகளைப் பளபளவென்று ஆக்கியிருந்தான். முற்றத்து மேஜையைத் துடைத்து மூன்று நாற்காலி போட்டான். மூன்றாவதைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

அவள் உள்ளே வந்ததும் வராததுமாக மாவைப் பார்த்து அசந்துபோனாள். "ஐயோ, இவ்ளோ வந்திருக்கே! என்ன மந்திரம் போட்டீங்க?"

"நீ சொன்னதத்தான் செஞ்சேன். ஒரு எழுத்து மாத்தல" என்றான் பெருமையாக.

"முதல்ல ஒண்ணு போட்டு வாசனையக் கிளப்புவோம். அப்பாவோடத அப்புறம் பாக்கலாம்" என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இவன் விசிறிய வேகத்தில் அவள் சொன்னதில் பாதி அவன் காதில் விழவில்லை. காதுதான் அன்றைக்கு அவனைப் படுத்துவதென்று முடிவு செய்திருந்ததே.

ஒரு பந்து மாவைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி, இரண்டு கை முஷ்டியிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, எண்ணெய் தடவி, மெல்லிசாகத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்பருகே வந்தபோது அவன் குறுக்கே கையை நீட்டினான்.

"ஏய், தட்டு எங்க? கம்பி மேலயே போடப் போறியா? இடுக்கு வழியா விழுந்துடும்!"

"விழாது."

"எப்படி விழாது? கூழு மாதிரி இருக்கு!"

இடுக்கு என்றாலே அவனுக்கு ஆகாது. லிஃப்ட்டுக்கும் மாடித் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகச் சாவி, போன், ஒரு முறை ஒரு கிழவரின் பல்செட் எல்லாம் பாதாளத்துக்குப் போனதைப் பார்த்தவன். அவள் மாவைக் கம்பிகளின் மேல் படர விட்டாள். சுர்ரென்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

விழவில்லை. ஒரு துளிகூடத் தொங்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் நெருப்பு அதை இறுக்கிப் பிடித்துவிட்டது. கீழே கனன்றுகொண்டிருக்கும் கரி, நடுவே வெறும் கம்பி, மேலே அந்த மெல்லிய மாவு அசையாமல் படுத்திருந்தது. பிறகு அதன் முதுகில் ஒரு குமிழி எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. முழு மாவும் மேடும் பள்ளமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு உயர்ந்தது. அவள் இடுக்கியால் அதைப் புரட்டிப் போட்டாள். அடிப்பக்கம் தங்க நிறத்தில், வரி வரியாகக் கறுத்த கோடுகளோடு மேலே வந்தது.

"கடவுளே" என்றான் மெதுவாக. அவளும் ஒரு நிமிஷம் இடுக்கியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெருப்பின் வெளிச்சத்தில் அவள் முகம் பல மாதங்களுக்குப் பிறகு இளகியிருந்தது. தக்காளியைத் தடவி, சீஸைப் பிய்த்துப் போட்டு, இளஞ்சூட்டுப் பக்கம் தள்ளி, மூடியைக் கவிழ்த்தாள். சுட்ட மாவும் பூண்டும் புகையும் கலந்த வாசனை சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே ஏறியது. இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். திரைச்சீலை அசையவில்லை.

மூடியைத் திறந்தபோது சீஸ் உருகிப் பொங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டினாள். அவன் ஒரு துண்டை எடுத்துச் சுடச்சுட வாயில் போட்டு, ஊதிக்கொண்டே தின்று, அடுத்ததையும் எடுத்தான். பசி. வேர்த்து விறுவிறுக்க வேலை செய்த பசி. அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இதுல உப்பே இல்லையே!"

"ஆமா" என்றான் வாய் நிறைய.

"என்ன ஆமா? மாவுல உப்பு எங்க? தக்காளியில எங்க? சீஸ்லகூட இல்ல!"

"நீதானே வேணாம்னு சொன்னே?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டவள் உள்ளே ஓடி, மேல் தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். "இது கண்ணுல படலியா உங்களுக்கு? உப்பு போடணும்னு ஒரு மனுஷனுக்கு எடுத்துச் சொல்லணுமா?"

"நல்லா இருக்கே கதை! 'பிசைஞ்சதும் உப்ப விட்டுடுங்க, மறந்துடாதீங்க, அதுதான் ரொம்ப முக்கியம்'னு நீ சொல்லல? ரெண்டு தடவ சொன்னே! நானும் பொறுப்பா எல்லாத்துலயும் விட்டுட்டேன்!"

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். "உப்ப... விட்டுடுங்கன்னா... உப்பறதுக்கு விட்டுடுங்கன்னு! மாவு உப்பி வர்றதுக்கு! அத அப்படியே வெச்சுடுங்கன்னு!"

அவன் மூன்றாவது துண்டைக் கடித்தபடி யோசித்தான். "ஓ" என்றான். பாத்திரத்தைப் பார்த்தான். "அதுவும் ஆச்சே."

அப்போதுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்து இருவரும் பதறிப்போனார்கள். இருமல் இல்லை. சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க ஒரு கிழ டிரைவர் சிரித்த சிரிப்பு. அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"மாப்ள!" என்று கூப்பிட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு தடவ சொல்லுங்க. அவ என்ன சொன்னா?"

"உப்ப விட்டுடுங்கன்னு சொன்னா மாமா."

"நீங்க உப்ப விட்டுட்டீங்க!" மறுபடி ஆரம்பித்துவிட்டார். பிறகு ஜன்னலில் ஆளைக் காணோம். படிக்கட்டில் செருப்புச் சத்தம், நின்று நின்று, கீழே கீழே வந்தது. மகள் அசையவில்லை. மூச்சுவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்பதுபோல நின்றாள்.

பின்கதவில் வந்து நின்றார். வெளிச்சத்தில் பார்க்கும்போது இன்னும் மெலிந்து தெரிந்தார். மேஜையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், நடுவில் இருந்த உப்பு டப்பாவைப் பார்த்தார். அவள் சட்டென்று டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தப்பு. அவர் முகம் சுருங்கியது.

"எதுக்கு மறைக்கறே? எனக்காகவா? போட்டுக்கிட்டுச் சாப்பிடும்மா. நான் சும்மா சிரிப்பு தாங்காமத்தான் வந்தேன்." திரும்பப் போனார். ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டார்.

லிஃப்ட்டுக்காரனுக்கு உயிரே போய்விட்டது. கதவு திறந்து, ஆள் வெளியே ஒரு கால் வைத்து, மறுபடி உள்ளே போவதா? வாயில் வந்ததைச் சொன்னான். "மாமா, நில்லுங்க. நீங்க சொன்னது நடந்துடுச்சு. உங்க தட்டுல இருக்கறதுதான் எங்க தட்டுலயும். பரிதாபம் கிரிதாபம் ஒண்ணும் இல்ல. இது சுத்தமான முட்டாள்தனம்."

மாமனார் நின்றார். "முட்டாள்தனமா?"

"சத்தியமா. என் முட்டாள்தனம். உப்பில்லேன்னு அவ கத்தினப்பகூட நான் தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தேன்" என்றார் அவர் மெதுவாக. "ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். சண்டைக்கு நடுவுல மூணு துண்டு உள்ள தள்ளினீங்க. ஒரு தடவகூட மூஞ்சி கோணல." படியிலிருந்து காலை எடுத்தார். "முட்டாள்தனம்னா சரி" என்று சொல்லி, வந்து, மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

 அவன் ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்க மனமில்லாதவரைப் போல.

"என்னப்பா?" என்றாள் அவள் பயந்துபோய்.

"இனிப்பா இருக்கு."

"சக்கர துளிதான் போட்டேன் மாமா" என்றான் அவன் அவசரமாக.

"சக்கர இல்ல மாப்ள, மாவு. மாவே இனிப்பா இருக்கு. அந்தக் கருப்புக் கோட்டுல கசப்பு. அப்புறம் புகை. தக்காளி கடைசியிலதான் வருது, புளிச்சுக்கிட்டு. இந்த சீஸ்ல பால் வாசனை அப்படியே இருக்கு." கண்ணைத் திறந்தார். "எனக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். ரூம்ல உக்காந்து சாப்பிடறப்ப எல்லாமே சுண்ணாம்பு மாதிரி இருக்கும். நாக்கு நல்லாத்தான் இருக்கு."

அவள் தன் துண்டை எடுத்தாள். உப்பு டப்பா இன்னும் இன்னொரு கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்துபோய்க் கடித்தாள். லிஃப்ட்டுக்காரன் அவள் முகத்தையே பார்த்தான். மாமனாரும் அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில்தானே எல்லாம் இருக்கிறது. முதலில் ஒன்றும் இல்லை. வெறும் மெல்லல். புருவம் மெதுவாக மேலே ஏறியது. இன்னொரு கடி கடித்தாள், இந்த முறை கறுத்த கோடு இருக்கும் பக்கமாகப் பார்த்து. தாடை நின்றது, மறுபடி மெதுவாக நகர்ந்தது.

"ஆமாப்பா" என்றாள் ஆச்சரியமாக. "மாவு இனிக்குது."

விளக்கெண்ணெய் குடித்த முகம் இல்லை அது. பஸ் கண்ணாடியில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர் அவர். அவரை ஏமாற்ற முடியாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். லிஃப்ட்டுக்காரனும் ஒரு வாய் எடுத்து, முதல் முறையாக அவசரப்படாமல் மென்றான். இத்தனை வருஷம் உப்புக்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது, இவனுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. நெருப்புக்கு எதிரில் உட்கார்ந்து மூன்று பேரும் கண்ணை மூடி மூடி மென்றார்கள். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தட்டு காலியானதும் மாமனார் பாத்திரத்தைக் காட்டினார். மிச்ச மாவு மறுபடி விளிம்பு வரை வந்துவிட்டிருந்தது. "மாப்ள, அடுத்த வாரமும் பிசைங்க. பிசைஞ்சதும் உப்ப விட்டுடுங்க."

"எத மாமா? உப்பையா, உப்பறதுக்கா?"

"ரெண்டுந்தான்."

லிஃப்ட்டுக்காரன் சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையைக் கம்பிகளின் மேல் படர விட்டான். இந்த முறை விழுமோ என்று அவன் பயப்படவில்லை. வெந்ததும் அவன் வெட்டிக் கொடுக்க, அவள் ஒரு துண்டை அப்பாவின் தட்டில் வைக்கக் குனிந்தாள். அவர் கையை நீட்டி, அவள் இன்னொரு கையில் இன்னும் பிடித்திருந்த அந்த உப்பு டப்பாவை மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார். "அன்னிக்கு நீ புடுங்கினது சரிதாம்மா" என்றார். "அத்தன பேர் முன்னாடின்னுதான் தாங்கல."

அவ்வளவுதான். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அவளுக்குப் பொத்துக்கொண்டது. குனிந்த தலை நிமிராமல், அவர் தட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மாமனார் அவசரமாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தள்ளி நின்னு அழுடி" என்றார், தன் கண்ணும் நிறைந்து வழிய. "அது பூராவும் உப்பு. எனக்கு ஆகாது."